டெல்டா மாவட்டங்களின் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இருக்கும் முன்னாள் படைவீரர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2015 ஜூன் மாதம் டெல்லி ஜந்தர் மந்தரில் உங்கள் ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள். ஒரு பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்பது கோரிக்கை. நாற்பது வருஷத்துக்கு மேல் இழுத்தடித்த விஷயம். மெடலைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. செப்டம்பர் 5ஆம் தேதி அரசு இறங்கி வந்தது. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை என்று இன்றைக்கும் குறைபட்டுக்கொள்கிறீர்கள், அது வேறு கதை. ஆனால் கூடிப் பேசவும் பந்தல் போட்டு உட்காரவும் பேட்டி கொடுக்கவும் உங்களுக்கு நன்றாகவே வரும் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது.

அதனால்தான் கேட்கிறேன். பென்ஷனுக்காகப் பேசுகிற நீங்கள், போரைப் பற்றிப் பேசச் சொன்னால் மட்டும் "பட்டாளத்துக்காரன் அரசியல் பேசக் கூடாதும்மா" என்று ஏன் எழுந்துவிடுகிறீர்கள்?

2025 மே 7 தொடங்கி பாகிஸ்தானோடு சண்டை நடந்த நாலு நாள் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். டிவியில் கராச்சித் துறைமுகத்தையே அழித்துவிட்டார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. எந்தச் சேனலும் அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் தெருவில் துப்பாக்கியை நேரில் பார்த்திராத பிள்ளைகள் சண்டையை ஏன் நிறுத்தினார்கள் என்று கொதித்தார்கள். சண்டை நின்ற மறுநாள் புனேயில் ஒரு கூட்டத்தில் முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் நரவணே பேசினார். போர் ஒன்றும் ரொமான்டிக்கான விஷயம் இல்லை, பாலிவுட் படமும் இல்லை என்றார். உத்தரவு வந்தால் போவேன், ஆனால் என் முதல் தேர்வு பேச்சுவார்த்தைதான் என்றார். தலைமைத் தளபதியாக இருந்தவர் இதைச் சொன்னதால் ராணுவத்தின் மானம் போய்விடவில்லை. அப்படியானால் ஒரத்தநாட்டுப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் சொன்னால் மட்டும் என்ன ஆகிவிடும்?

சட்டம் யாரைக் கட்டுகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு, படையில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதை வைத்துத்தான் 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 21ஆவது பிரிவு வந்தது. சங்கத்தில் சேருவது, கூட்டத்தில் கலந்துகொள்வது, பத்திரிகைக்கு எழுதுவது என எல்லாவற்றுக்கும் அதில் தடை போட முடியும். 37ஆவது பிரிவில் கலகத்துக்கு மரண தண்டனை வரை இருக்கிறது. ஒரு ஜவானுக்குக் குறை இருந்தால் தனி ஆளாக மேலதிகாரியிடம் மனு கொடுக்கலாம். நாலு பேர் சேர்ந்து ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அது வேறு விவகாரம் ஆகிவிடும். இதெல்லாம் பணியில் இருப்பவருக்கு. நீங்கள் உடுப்பைக் கழற்றிப் பல வருஷம் ஆயிற்று. அலுவல் ரகசியச் சட்டம் உங்களை இன்னும் கட்டும், சரி. அணிவகுப்பு ரகசியத்தையோ ஆயுதக் கணக்கையோ நான் கேட்கவில்லை.

வரலாற்று ஆசிரியை என்பதால் கொஞ்சம் பழங்கதைக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குக் கிளம்பினார்கள். 28ஆம் தேதி போய்ச் சேர்ந்தார்கள், 30ஆம் தேதி உப்பு எடுத்தார்கள். நடுவில் தஞ்சை மாவட்டம் முழுக்க நடை. யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் தண்டனை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். வேதாரண்யத்தில் சவரத் தொழிலாளி வைரப்பன், தனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி சவரத்தில் கத்தியை வைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார்.

இவர்கள் நம் மாவட்டத்தில் நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஏப்ரல் 23ஆம் தேதி, பெஷாவரில் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் கூட்டம் கூடியது. கான் அப்துல் கபார் கானைக் கைது செய்ததற்கான எதிர்ப்பு. ராயல் கர்வால் ரைபிள்ஸைச் சேர்ந்த சிப்பாய்களுக்குச் சுடச்சொல்லி உத்தரவு. ஹவில்தார் சந்திர சிங் கர்வாலியும் அவருடைய ஆட்களும் சுட மறுத்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் பட்டாணிய முஸ்லிம்கள், மறுத்தவர்கள் மலைநாட்டு இந்துக்கள். அன்று வேறு துருப்புகள் சுட்டு ஏராளமானோர் செத்தார்கள். கர்வாலிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1941இல்தான் வெளியே வந்தார்.

வைரப்பனுக்கு வேதாரண்யத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. கர்வாலி என்ற பெயரை நான் முப்பது வருஷம் பாடம் நடத்திய புத்தகங்களில் எங்கும் பெரிதாகப் பார்த்ததில்லை. சவரக்கத்தியைக் கீழே வைத்தவரைக் கொண்டாடுவதில் நமக்குச் சிரமம் இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்தவர் என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் நடுக்கம்தான். காந்திக்கே இருந்தது. பின்னாளில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கர்வாலிகளைப் பற்றிக் கேட்டபோது, சுடு என்ற உத்தரவை மீறுகிற சிப்பாய் தன் சத்தியத்தை மீறுகிறான் என்று காந்தி சொன்னார். நாளைக்கு நான் ஆட்சிக்கு வந்தால் இதே சிப்பாய்கள் என் உத்தரவையும் மீறுவார்களே என்ற அர்த்தத்திலும் சொன்னார். அகிம்சைக்காரர் வாயில் இப்படி ஒரு பதிலா என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆனால் அதில் நேர்மை இருக்கிறது. அதிகாரத்துக்கு வரப்போகிற யாரும் உள்ளுக்குள் நினைப்பதை அவர் வெளியே சொல்லிவிட்டார்.

1946லும் அதுதான் நடந்தது. பிப்ரவரி 18ஆம் தேதி பம்பாயில் தல்வார் என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மோசமான சாப்பாட்டில் ஆரம்பித்தது என்று எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கும். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றை மட்டும் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்: இந்தோனேசியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்ப அழைக்க வேண்டும். டச்சுக்காரர்களிடமிருந்து விடுதலை கேட்டுக்கொண்டிருந்த இந்தோனேசியர்களை அடக்க, சுரபாயாவில் பிரிட்டிஷார் இறக்கியது இந்தியச் சிப்பாய்களை. அடுத்தவன் விடுதலையை நசுக்க நாங்கள் எதற்கு என்று கேட்டவர்கள் அரசியல் தலைவர்கள் அல்ல, கப்பலில் சிக்னல் பார்த்த பையன்கள். கராச்சி, சென்னை என்று போராட்டம் பரவியது. 23ஆம் தேதி படேலின் பேச்சைக் கேட்டுச் சரணடைந்தார்கள். பழிவாங்கல் இருக்காது என்று நம்பினார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. சுதந்திரம் வந்த பிறகும் அவர்களைக் கடற்படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

இப்போது அமெரிக்காவுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஏனென்றால் போருக்கு எதிராகப் படைக்குள்ளேயே ஆள் சேர்த்து, வருஷக்கணக்கில், கண் முன்னால் நடத்திக்காட்டியது அவர்கள்தான்.

வியட்நாம் போர் என்றதும் நமக்குக் கல்லூரி மாணவர்களும் நீண்ட தலைமுடியும் கிட்டாரும்தான் கண்ணுக்கு வரும். ஆனால் 1966 ஜூனிலேயே டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் முகாமைச் சேர்ந்த மூன்று சிப்பாய்கள் வியட்நாமுக்குப் போகமாட்டோம் என்று பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள். சிறைக்குப் போனார்கள். அடுத்த வருஷம் ஹோவர்ட் லெவி என்ற ராணுவ டாக்டர், சிறப்புப் படைக்காரர்களுக்குத் தோல் மருத்துவம் சொல்லித்தர மறுத்ததற்காகக் கோர்ட் மார்ஷல் ஆனார். இவையெல்லாம் தனித்தனி ஆட்களின் துணிச்சல். அதற்குப் பிறகு வந்ததுதான் அமைப்பு.

முகாம் வாசலுக்குப் பக்கத்து ஊர்களில் காபிக் கடைகளைத் திறந்தார்கள். தென் கரோலினாவில் கொலம்பியா நகரில் ஒன்று, டெக்சாஸில் கில்லீன் நகரில் ஒன்று என்று வரிசையாக வந்தன. லீவில் வெளியே வரும் சிப்பாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாம், பத்திரிகை படிக்கலாம், வியட்நாம் போய்வந்தவனிடம் அங்கே உண்மையில் என்னதான் நடக்கிறது என்று கேட்கலாம். நம்மூர் டீக்கடை பெஞ்சு மாதிரிதான். கடையை மூடவைக்க உள்ளூர் போலீஸ் படாத பாடு பட்டது. அந்தக் கொலம்பியா நகரத்து முகாமில், 1968 பிப்ரவரியில், சில சிப்பாய்கள் சமாதானத்துக்காகப் பிரார்த்தனை செய்ய முகாமின் தேவாலயத்துக்கு முன்னால் கூடினார்கள். பிரார்த்தனையை நிறுத்து என்று உத்தரவு. நிறுத்தாத இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாமி கும்பிட்டதற்குக் கைது!

அப்புறம் பத்திரிகைகள். சிப்பாய்களே எழுதி, ரோனியோவில் உருட்டி, படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்துக் கைமாற்றிய சிறுபத்திரிகைகள் அந்த வருஷங்களில் 250க்கும் மேல் வந்தன. 1969 நவம்பரில் பணியில் இருந்த 1,365 சிப்பாய்கள் பெயர் போட்டு, போரை நிறுத்தச் சொல்லி நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் பிரெசிடியோ ராணுவச் சிறையில், மனநலம் சரியில்லாத ஒரு கைதியைக் காவலாளி சுட்டுக் கொன்றதற்கு எதிர்ப்பாக 27 பேர் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து பாடினார்கள். அதைக் கலகம் என்று சொல்லி, முதலில் தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பதினாலு, பதினைந்து வருஷம் என்று தீட்டினார்கள். ஊர் கொதித்த பிறகு குறைத்தார்கள்.

இதில் எல்லாமே போற்றத்தக்கது என்று சொல்லமாட்டேன். அதே வியட்நாமில் அதிகாரியின் கூடாரத்துக்குள் கையெறிகுண்டை உருட்டிவிட்டவர்களும் இருந்தார்கள். அதை நான் எதிர்ப்பு என்று எண்ணவில்லை. அது கொலை. பேசுவதற்கான வழிகளை அடைத்தால் கடைசியில் அதுதான் மிஞ்சும் என்பதற்கு வேண்டுமானால் அதை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் நான் காட்ட விரும்பும் பக்கம் வேறு. 1971 ஜனவரி கடைசியில் டெட்ராய்ட் நகரத்தில் ஒரு ஹோட்டலில் போர் எதிர்ப்பு முன்னாள் படைவீரர்கள் கூடினார்கள். மூன்று நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மைக்குக்கு முன்னால் வந்து, எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம் என்று சொல்லிவிட்டு, தாங்கள் செய்ததையும் பார்த்ததையும் சொன்னார்கள். அந்தச் சாட்சியங்கள் அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறின. ஏப்ரலில் வாஷிங்டனுக்கு வந்து, நாடாளுமன்றக் கட்டடத்துக்கு முன்னால் போட்டிருந்த வேலியைத் தாண்டி மெடல்களை விட்டெறிந்தார்கள். அதுவும் ஏப்ரல் 23ஆம் தேதி. தற்செயல்தான், ஆனால் வரலாற்று வாத்தியார்களுக்கு இப்படிப்பட்டது கண்ணில் பட்டுவிடும்.

அவர்கள் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடித்துப்போகப்பட்டவர்கள், எங்கள் ஆட்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள், சம்பளம் வாங்கியவர்கள் என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான கேள்வி. 2006இல் ஈராக் போர் நடந்தபோது அமெரிக்காவில் கட்டாயச் சேர்ப்பு கிடையாது. அப்போதும் ஜொனாதன் ஹட்டோ என்ற கடற்படைக்காரர் தொடங்கிய முறையீட்டில் பணியில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு, துருப்புகளைத் திரும்ப அழையுங்கள் என்று தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பினார்கள். சிப்பாய் தன் பிரதிநிதிக்கு எழுதுவதைத் தடுக்க முடியாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. அப்புறம், விரும்பிச் சேர்ந்தது என்று நாம் எதைச் சொல்கிறோம்? ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று பார்த்துக் குறுவை போடுகிற வீட்டுப் பையன், விடிவதற்கு முன் ஆற்றங்கரையில் ஓடிப் பழகுவது போர் செய்ய ஆசைப்பட்டா? உங்களில் எத்தனை பேர் அப்படிச் சேர்ந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இனி நம் போருக்கு வருகிறேன். ஆம், நம் போர்தான். கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் நடந்தது.

1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம். அமைதி காக்கப் போன படை அக்டோபர் 10ஆம் தேதி புலிகளோடு போரில் இறங்கியது. 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசித் துருப்பு திரிகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. நம் பக்கத்தில் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன்களும் போயின. "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று தமிழிலேயே போர்முழக்கம் வைத்திருக்கும் ரெஜிமென்ட் தமிழ் பேசும் ஊர்களுக்குள் போயிற்று. என் சித்தப்பா அதில் நாயக். வேறு ரெஜிமென்ட்காரர்கள் வீடு வீடாகச் சோதனை போடும்போது மொழிபெயர்க்க இவரை அழைத்துப்போவார்களாம். "அந்தம்மா என்கிட்டதான் அழுதுச்சு, அவங்ககிட்ட இல்லை. அவங்களுக்குத்தான் பாஷை புரியாதே." இதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து எங்களால் வாங்க முடியவில்லை. சாகும்வரை முடியவில்லை.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்பது படைத்தரப்பின் பதில். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். வேதாரண்யத்திலிருந்து தோணி போய்வந்துகொண்டிருந்த ஊர் அது. இந்தக் கரையில் அங்கே பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள் உண்டு. இந்த இரண்டு இடங்களிலும் என்ன நடந்தது என்பதை யாழ்ப்பாணத்தார் எழுதியிருக்கிறார்கள், வெளிநாட்டார் எழுதியிருக்கிறார்கள். நம் தரப்பிலிருந்து தளபதிகள் எழுதினார்கள். சிப்பாய் பேசவே இல்லை.

தளபதி பேசியதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அமைதிப் படையின் முதல் களத் தளபதி ஹர்கிரத் சிங், பேச்சுவார்த்தைக்கு வருகிற பிரபாகரனைப் பிடி அல்லது சுடு என்று தனக்கு மேலிருந்து சொல்லப்பட்டதாகவும், வெள்ளைக்கொடியோடு வருபவரைச் சுடுவது ராணுவத்தின் வேலை அல்ல என்று தான் மறுத்ததாகவும் பின்னாளில் எழுதினார். மேஜர் ஜெனரல் அந்தஸ்தில் இருப்பவர் மறுக்கலாம், மறுத்ததைப் புத்தகத்திலும் போடலாம். 1987 அக்டோபரில் பொதுமக்கள் கொல்லப்பட்ட, யாழ்ப்பாணத்துப் பிரம்படி வீதியில் நின்ற சிப்பாய் யாராவது ஒருவன் துப்பாக்கியைத் தாழ்த்தியிருப்பானா? தாழ்த்தியிருந்தால் அது யாருக்குத் தெரியும்? அமெரிக்கத் துருப்புகள் கிராமத்து ஜனங்களைக் கொன்ற வியட்நாமின் மைலாயில், 1968 மார்ச் 16ஆம் தேதி ஹெலிகாப்டரை ஜனங்களுக்கும் தன் சொந்தப் படைக்கும் நடுவில் இறக்கிய ஹியூ தாம்சனின் பெயர் உலகத்துக்கே தெரியும். காரணம், ரான் ரைடனவர் என்ற இன்னொரு சிப்பாய் ஊருக்குத் திரும்பிய பிறகு உட்கார்ந்து அந்தக் கொலைகளைப் பற்றிக் கடிதம் எழுதினார்.

உங்களுக்கு ஒரு காயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. 1990இல் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்க வரவில்லை. தமிழ்நாட்டுக்கு நீங்கள் தமிழனைக் கொன்றவர்கள், டெல்லிக்கு நீங்கள் மறக்கவேண்டிய கணக்கு. கொழும்பில் உங்கள் தோழர்களுக்கு நினைவிடம் கட்டினார்கள். இந்தியாவில் அப்படி ஒன்று வேண்டும் என்று நீங்கள் வருஷக்கணக்காகக் கேட்டுவந்தீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கல்லில் பெயர் வெட்டுவது மட்டும் போதும் என்றால், உங்களை அங்கே அனுப்பியவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

எனவே என் கோரிக்கை இது. மார்ச் 24ஐ ஒட்டி, தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ, உங்கள் சங்கக் கட்டடத்திலேயே ஒரு நாள் உட்காருங்கள். இலங்கைக்குப் போய்வந்தவர்கள் பேசட்டும். இப்போது அவர்களில் இளையவருக்கே அறுபதை நெருங்கும் வயது. அதிகாரியின் பெயர் வேண்டாம், யார் சுட்டார் என்பதும் வேண்டாம். எந்த வருஷம், எந்த ஊர், என்ன உத்தரவு, என்ன பார்த்தீர்கள், அது போதும். மேடையில் பேச விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுக்கலாம். கட்சிக்காரர்களைக் கூப்பிடாதீர்கள், வந்தால் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். டிவிக்காரர்கள் வேண்டவே வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கரையிலிருந்து கேட்க வருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

அந்தக் கூட்டத்துக்கு அக்னிவீரர் தேர்வுக்குப் படிக்கிற பையன்களையும் அழையுங்கள். நாலு வருஷ வேலை, நாலில் ஒருவருக்குத்தான் மேலே இடம், மற்றவர்களுக்கு 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது என்ற கணக்கெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ராணுவச் சட்டத்தின் 41ஆவது பிரிவு தண்டிப்பது சட்டப்படியான உத்தரவை மீறுவதை மட்டும்தான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. கோச்சிங் சென்டரில் அது பாடம் இல்லை. என் வகுப்பிலும் அதற்கு இடம் இருந்ததில்லை. துப்பாக்கி பிடித்து, உத்தரவு வாங்கி, அதன் கனம் தெரிந்த ஒருவர் சொன்னால்தான் அவர்கள் காதில் ஏறும்.

எதிரிக்கு இதனால் லாபம் என்பீர்கள். கடற்படைத் தளபதியாக 1993 வரை இருந்த அட்மிரல் ராம்தாஸ் ஓய்வுக்குப் பிறகு வருஷக்கணக்காக இந்தியா-பாகிஸ்தான் மக்கள் அமைதி மேடையில் பாகிஸ்தான்காரர்களோடு உட்கார்ந்து பேசினார். 2004இல் பாகிஸ்தானின் ஐ.ஏ. ரஹ்மானோடு சேர்த்து அவருக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். அவரால் எந்த எல்லை பறிபோயிற்று?

சங்கக் கட்டடம் கிடைக்காது, செயற்குழு ஒப்புக்கொள்ளாது என்றால் திருத்துறைப்பூண்டியில் ஒரு மண்டபத்துக்கு நான் சொல்லிவைக்கிறேன். வாடகையும் மதியச் சாப்பாடும் என் பொறுப்பு. பதிவு செய்ய என்னிடம் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். யார் யார் பேசுவார்கள் என்பதை மட்டும் பொங்கலுக்குள் முடிவு செய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருத்துறைப்பூண்டி